பொத்தானை அழுத்தினால் வண்டி நகரவில்லையா? ரிமோட் மோட்டார் சுற்றில் பழுது தேடும் வழி

ரிமோட் வண்டி செய்து பழகும் பிள்ளைகள் பழுதோடு என்னிடம் வரும்போது முதலில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஐசி போய்விட்டது, அண்ணா." உண்மையில் ஐசி, அதாவது சிப், அவ்வளவு எளிதில் போவதில்லை. சென்ற ஆண்டு ஒரு மாணவன் ஒரே வண்டியில் மோட்டார் ஓட்டும் சிப்பை மூன்று முறை மாற்றிவிட்டு வந்தான். அவன் பொத்தானை அழுத்தும்போது நான் பேட்டரியின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பிடித்தேன். 9.1 வோல்ட் காட்டிக்கொண்டிருந்த மீட்டர், சக்கரம் அசைந்த கணத்தில் 4.6க்கு விழுந்தது. பொத்தானை விட்டதும் மெல்ல 8.8க்கு ஏறியது. மூன்று சிப்புகளும் நல்லவை. பேட்டரிதான் அந்த வேலைக்கு ஏற்றது அல்ல.

பழுது தேடுவது என்பது ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மாற்றுவது அல்ல. பொத்தானிலிருந்து சக்கரம் வரை சைகை நடந்து போகும் பாதை ஒன்று இருக்கிறது. அது எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்கான ஒழுங்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்தச் சுற்று?

புதியவர்கள் அதிகம் செய்யும் ஒரு சுற்றை எடுத்துக்கொள்கிறேன். கையில் இருக்கும் ரிமோட்டில் நான்கு பொத்தான்கள், அவற்றின் நிலையைச் செய்தியாக மாற்றும் எச்.டி.12இ என்ற என்கோடர் சிப், அந்தச் செய்தியை வானொலி அலையில் அனுப்பும் 433 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் பலகை. வண்டியில் அதை வாங்கும் இணையான ரிசீவர் பலகை, செய்தியைப் படித்துச் சொல்லும் எச்.டி.12டி என்ற டிகோடர் சிப், அதன்படி மோட்டாருக்கு மின்சாரம் விடும் எல்293டி என்ற மோட்டார் டிரைவர் சிப், மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கூட்டில் வரும் இரண்டு கியர் மோட்டார்கள். சென்னை ரிச்சி தெருவில் இந்தப் பாகங்கள் எல்லாமே ஒரே நடையில் கிடைத்துவிடும். நிரல் எழுத வேண்டியதில்லை என்பதால் தொடக்கத்துக்கு நல்ல சுற்று. அர்டுயினோவும் புளூடூத்தும் வைத்துச் செய்தவர்களுக்கும் பேட்டரி, மோட்டார், இரைச்சல் பற்றிக் கீழே சொல்பவை அப்படியே பொருந்தும்.

பொத்தான்கள் என்கோடரின் 10 முதல் 13 வரையுள்ள கால்களை (சிப்பின் பின்களை) கிரவுண்டோடு, அதாவது பேட்டரியின் எதிர்முனையோடு, இணைக்கின்றன. டிகோடரின் 10 முதல் 13 வரையுள்ள கால்களில் அதே நிலைகள் வெளிவருகின்றன. அவை எல்293டியின் 2, 7, 10, 15 ஆகிய கால்களுக்குப் போகின்றன. இதை ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மனத்தில் வைத்துக்கொண்டு கம்பியைத் தேடினால் குழம்பிவிடும்.

வேண்டிய கருவிகள் குறைவு. ஒரு மல்டிமீட்டர், இரண்டு எல்.இ.டி., அவற்றுக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், சில துண்டுக் கம்பிகள், வண்டியை ஏற்றி வைக்க ஒரு சிறு பெட்டி. சக்கரங்கள் தரையைத் தொடாமல் காற்றில் சுழல வேண்டும். மேசையிலிருந்து வண்டி பாய்ந்து விழுந்தால் பழுது ஒன்று இரண்டாகிவிடும். மல்டிமீட்டரின் சிவப்புக் கம்பி 10 ஆம்பியர் துளையில் செருகியிருந்தால், வோல்ட் அளக்கும் முன் கட்டாயம் அதைக் கழற்றி வோல்ட் துளைக்கு மாற்றுங்கள். அந்தத் துளையில் வைத்துப் பேட்டரியைத் தொட்டால் நேரடியாக ஷார்ட் செய்ததற்குச் சமம். லித்தியம் பேட்டரியாக இருந்தால் ஆபத்தும் கூட.

முதலில் கண்ணால் பாருங்கள்

பேட்டரியைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். சிப்பின் ஒரு முனையில் அரைவட்டப் பள்ளம் இருக்கும். அது இடப்பக்கம் இருக்குமாறு வைத்தால் கீழ்வரிசையில் இடது ஓரத்தில் இருப்பது 1ஆம் கால். சிப்பைச் செருகும்போது ஒரு கால் துளைக்குள் போகாமல் உடலுக்கு அடியில் மடங்கிவிடுவதும் உண்டு. மேலிருந்து பார்த்தால் தெரியாது, பக்கவாட்டில் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

பிரெட்போர்டு, அதாவது பற்றவைக்காமல் பாகங்களைச் செருகும் துளைப்பலகை, வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். நீளமான பலகையின் ஓரத்தில் ஓடும் சிவப்பு, நீலக் கோடுகளை உற்றுப் பாருங்கள். சில பலகைகளில் அந்தக் கோடு நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு அறுந்திருக்கும். அந்த இடத்தில் உள்ளே இருக்கும் உலோகப் பட்டையும் அறுந்திருக்கிறது என்று பொருள். இடது பாதியில் கொடுத்த 5 வோல்ட் வலது பாதிக்குப் போகாது. எல்லாக் கம்பியும் சரியாக இருந்தும் ரிசீவர் மட்டும் உயிரற்றுக் கிடப்பதற்கு இது ஒன்றே போதும். ஒரு துண்டுக் கம்பியால் இரு பாதிகளையும் இணைத்துவிடுங்கள்.

அடுத்தது கிரவுண்ட். மோட்டாருக்கு ஒரு பேட்டரி, சிப்புகளுக்கு வேறு பேட்டரி என்று வைத்திருந்தால், இரண்டின் எதிர்முனைகளும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் டிகோடர் அனுப்பும் 5 வோல்ட் எதோடு ஒப்பிட்டு 5 வோல்ட் என்பது எல்293டிக்குத் தெரியாது.

மின்சாரம்: இங்கே அவசரப்படாதீர்கள்

ரிமோட் கோளாறு என்று சொல்லி வரும் வண்டிகளில் நான் அதிகம் கண்டது மின்சாரக் கோளாறுதான். மோட்டார் நின்றிருக்கும் நிலையிலிருந்து கிளம்பும் கணத்தில் அதிகபட்ச மின்னோட்டத்தை இழுக்கும். சுழலத் தொடங்கிய பின் மோட்டாரே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. கிளம்பும் கணத்தில் அந்தத் தடுப்பு இல்லை. சுமையில்லாமல் ஓடும்போது 200 மில்லிஆம்பியருக்குள் திருப்தியடையும் சிறிய கியர் மோட்டார், சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் ஏறத்தாழ 1 ஆம்பியர் வரை கேட்கும். அப்படி இரண்டு மோட்டார்கள் இருக்கின்றன.

புகை எச்சரிக்கைக் கருவிக்கும் மல்டிமீட்டருக்கும் போடுகிற சதுர 9 வோல்ட் பேட்டரியால் இதைத் தாங்க முடியாது. அதன் உள்தடை அதிகம். மோட்டார் இழுக்கும்போது மின்னழுத்தம் பாதாளத்துக்குப் போகும். அதோடு சிப்புகளுக்கு நிலையான 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டரும் சேர்ந்து விழும். 7805க்கு 5 வோல்ட் கொடுக்க ஏறத்தாழ 7 வோல்ட்டாவது உள்ளே வர வேண்டும். அது கிடைக்காதபோது டிகோடரும் ரிசீவரும் மயங்கிவிடும், மோட்டார் நிற்கும். நின்றதும் மின்னழுத்தம் மீண்டும் ஏறும், டிகோடர் விழிக்கும், மோட்டார் கிளம்பும், மீண்டும் விழும். வெளியிலிருந்து பார்த்தால் வண்டி நடுங்குவது போல இருக்கும். ரிமோட் சரியாக எட்டவில்லை என்று தோன்றும்.

எனவே இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். மீட்டரை 20 வோல்ட் அளவில் வைத்து, கறுப்புக் கம்பியைக் கிரவுண்டில் பிடித்து, சிவப்பை முதலில் பேட்டரியின் நேர்முனையிலும் பின்பு டிகோடரின் 18ஆம் காலிலும் தொடுங்கள். மோட்டார் நிற்கும்போது ஒரு முறையும், மற்றொருவர் பொத்தானை அழுத்திப் பிடிக்கும்போது ஒரு முறையும் பாருங்கள். மோட்டார் ஓடும்போது எடுத்த அளவுதான் உண்மையைச் சொல்லும். 18ஆம் காலில் 5 வோல்ட் அசையாமல் நிற்க வேண்டும். 4.5க்குக் கீழே இறங்கினால் வேறு எதையும் தேடாதீர்கள், மின்சாரத்தைச் சரிசெய்யுங்கள்.

புதியவர்களுக்கு நான் சொல்வது, மோட்டாருக்கும் சிப்புகளுக்கும் தனித்தனிப் பேட்டரி வையுங்கள் என்பதே. மோட்டாருக்கு நான்கு அல்கலைன் பென்டார்ச் பேட்டரிகள், அல்லது பாதுகாப்புப் பலகையோடு கூடிய இரண்டு 18650 லித்தியம் செல்கள். சிப்புகளுக்கு அந்தச் சதுர 9 வோல்ட் பேட்டரியையே 7805 வழியாகக் கொடுக்கலாம். சிப்புகள் கேட்பது சில பத்து மில்லிஆம்பியர் மட்டும்தான், அதற்கு அது போதும். நான்கு பென்டார்ச் பேட்டரிகளின் 6 வோல்ட்டை 7805க்குள் கொடுத்து 5 வோல்ட் எதிர்பார்க்கிறவர்களும் உண்டு. கிடைக்காது.

பாதையை நடுவில் வெட்டிப் பாருங்கள்

மின்சாரம் சரி என்றால் அடுத்துப் பாதையின் நடுவுக்குப் போங்கள். டிகோடரின் 17ஆம் கால்தான் அந்த நடு. அதற்கு வி.டி. என்று பெயர். டிகோடர், வந்த செய்தியை மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்து, ரிமோட்டை அடையாளம் காட்டும் முகவரியும் பொருந்தினால்தான் இந்தக் காலை உயர்த்தும். அங்கே ஒரு எல்.இ.டி.யை 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு கிரவுண்டுக்கு இணைத்துவிடுங்கள். அதைச் சுற்றில் நிரந்தரமாகவே விட்டுவிடலாம். பழுது பார்க்க இதைவிட நல்ல துணை இந்தச் சுற்றில் இல்லை.

என்கோடரின் 14ஆம் கால் கிரவுண்டில் இருந்தால், பொத்தான் எதையும் அழுத்தாவிட்டாலும் ரிமோட் இடைவிடாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். ரிமோட்டை இயக்கியதுமே வி.டி. விளக்கு எரிய வேண்டும். எரிந்தால் என்கோடர் முதல் டிகோடர் வரை எல்லாம் சரி, பழுது பெரும்பாலும் மோட்டார் பக்கம். எரியாவிட்டால் மோட்டார் பக்கத்தைத் தொடவே வேண்டாம், பழுது வானொலிப் பக்கம்.

விளக்கு எரிகிறது, மோட்டார் ஓடவில்லை

டிகோடரிலிருந்து எல்293டிக்கு வரும் கம்பிகளைக் கழற்றுங்கள். எல்293டியின் 16ஆம் காலில் 5 வோல்ட், 8ஆம் காலில் மோட்டார் பேட்டரி, 4, 5, 12, 13 ஆகிய நான்கிலும் கிரவுண்ட் இருக்கின்றனவா என்று மீட்டரால் தொட்டுப் பாருங்கள். அந்த நான்கு கிரவுண்ட் கால்கள் வழியாகத்தான் சிப்பின் சூடும் வெளியேறுகிறது. ஒன்றை மட்டும் இணைத்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடாதீர்கள். 1ஆம், 9ஆம் கால்கள் இயக்க அனுமதி தருபவை. அவற்றை 5 வோல்ட்டில் இணையுங்கள், அந்தரத்தில் தொங்கவிட வேண்டாம்.

இப்போது 2ஆம் காலை 5 வோல்ட்டிலும் 7ஆம் காலைக் கிரவுண்டிலும் கைக்கம்பியால் தொடுங்கள். இடது மோட்டார் சுழல வேண்டும். மாற்றித் தொட்டால் எதிர்த்திசையில் சுழல வேண்டும். இரண்டிலும் ஒரே நிலை இருந்தால் நிற்க வேண்டும். வலது மோட்டாருக்கு 10, 15 ஆகிய கால்களில் இதையே செய்யுங்கள். இதில் சரியாக ஓடினால் டிரைவரும் மோட்டாரும் நலம். கழற்றிய நான்கு கம்பிகளில் ஏதோ ஒன்றோ, ரிமோட்டின் பொத்தான் கம்பியோ தவறான இடத்தில் இருந்திருக்கிறது.

ஓடவில்லை என்றால் 3ஆம், 6ஆம் கால்களுக்கு இடையே வோல்ட் அளந்து பாருங்கள். பேட்டரியில் 6 வோல்ட் இருந்தும் மோட்டாரில் 4 வோல்ட் மட்டும் காட்டினால் பதற வேண்டாம். எல்293டி தன் பங்காக ஏறத்தாழ 2 முதல் 2.6 வோல்ட் வரை எடுத்துக்கொள்ளும், அதன் உள்ளமைப்பு அப்படி. மின்னழுத்தம் வந்தும் மோட்டார் சுழலாவிட்டால் மோட்டாரின் பின்புறத்தைப் பாருங்கள். கம்பியைப் பற்றவைக்கும் செப்புத் தகடு காகிதம்போல மெல்லியது. கம்பியை இரண்டு மூன்று முறை வளைத்தாலே அடியோடு முறியும், ஆனால் பிளாஸ்டிக் கூட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு முறியாதது போலவே நிற்கும். நகத்தால் மெல்லத் தள்ளிப் பார்த்தால் அசைவதில் தெரிந்துவிடும். பற்றவைத்த பின் கம்பியை மோட்டார் உடலோடு ஒரு பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை வராது.

ஒரு மோட்டார் மட்டும் எதிர்த்திசையில் ஓடி வண்டி தன்னைத்தானே சுற்றினால் அது பழுதே அல்ல. அந்த மோட்டாரின் இரு கம்பிகளையும் இடம் மாற்றுங்கள்.

விளக்கு எரியவில்லை

முதலில் வானொலியைப் பாதையிலிருந்து அகற்றிவிடுங்கள். ரிமோட்டையும் வண்டியின் சிப்புகளையும் ஒரே 5 வோல்ட்டில் ஓட்டி, இரண்டின் கிரவுண்டையும் இணைத்து, என்கோடரின் 17ஆம் காலிலிருந்து டிகோடரின் 14ஆம் காலுக்கு ஒரு கம்பியை நேராக இழுங்கள். ரிசீவரின் டேட்டா கம்பியை அதற்கு முன் கழற்றிவிட வேண்டும். ரிமோட் 9 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படி இணைக்காதீர்கள், டிகோடருக்கு அது தாங்காது.

கம்பி வழியாகவும் விளக்கு எரியவில்லை என்றால் சிப்புகளைச் சுற்றி மூன்று இடங்கள்தான் இருக்கின்றன. ஒன்று, முகவரி. இரண்டு சிப்புகளிலும் 1 முதல் 8 வரையுள்ள கால்கள் அச்சாக ஒரே மாதிரி இருக்க வேண்டும். சோதிக்கும்போது இந்தப் பதினாறு கால்களையும் கிரவுண்டில் இணைத்துவிடுங்கள். இரண்டு, என்கோடரின் 14ஆம் கால் கிரவுண்டில் இருக்கிறதா என்பது. மூன்றாவது, அதிகம் பேர் தவறும் இடம்: 15ஆம், 16ஆம் கால்களுக்கு இடையே போடும் ரெசிஸ்டர். என்கோடருக்கு 1 மெகா ஓம், பழுப்பு, கறுப்பு, பச்சை. டிகோடருக்கு 51 கிலோ ஓம், பச்சை, பழுப்பு, ஆரஞ்சு. டிகோடரின் துடிப்பு என்கோடரைப்போல ஏறத்தாழ 50 மடங்கு வேகத்தில் இருந்தால்தான் செய்தியைப் படிக்க முடியும். அந்த விகிதத்தைத் தருவது இந்த இரண்டு ரெசிஸ்டர்கள்தான். 51 கிடைக்காதபோது 47 கிலோ ஓம் போட்டாலும் வழக்கமாக வேலை செய்யும். ஆனால் 1 மெகாவுக்குப் பதில் 100 கிலோ ஓம் போட்டுவிட்டால் ஒருபோதும் எரியாது. விளக்கு வெளிச்சத்தில் பச்சையும் மஞ்சளும் கண்ணை ஏமாற்றும். நிறத்தை நம்பாமல் ரெசிஸ்டரைக் கழற்றி மீட்டரால் அளந்துவிடுங்கள்.

கம்பியில் எரிந்து காற்றில் எரியாவிட்டால் பழுது வானொலிப் பலகைகளில். டிரான்ஸ்மிட்டரிலும் ரிசீவரிலும் கால்களின் வரிசை வேறு வேறு. பலகையில் அச்சிட்டிருப்பதைப் படித்து இணையுங்கள், படத்தைப் பார்த்து அல்ல. இரண்டுக்கும் 17.3 சென்டிமீட்டர் நீள ஒற்றைக் கம்பி ஆன்டெனா வேண்டும். அது 433 மெகாஹெர்ட்ஸ் அலைநீளத்தில் கால் பங்கு. சுருட்டி வைக்காமல் நேராக நிற்கட்டும், பேட்டரிக்கும் மோட்டாருக்கும் மேலாக அதைப் படுக்க வைக்காதீர்கள். ரிமோட்டை வண்டியோடு ஒட்டி வைத்தும் சோதிக்க வேண்டாம், ஒரு மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

நின்றால் எரிகிறது, ஓடினால் அணைகிறது

இது ஒரு தனி வகை, கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். மோட்டார் நிற்கும்போது வி.டி. விளக்கு நிலையாக எரிகிறது. மோட்டார் ஓடத் தொடங்கியதும் விளக்கு துடிக்கிறது அல்லது அணைகிறது. 18ஆம் காலில் மின்னழுத்தம் விழுகிறது என்றால் பழையபடி பேட்டரிதான். மின்னழுத்தம் அசையவில்லை, விளக்கு மட்டும் துடிக்கிறது என்றால் காரணம் மோட்டாரின் மின் இரைச்சல்.

மோட்டாருக்குள் சிறு தகடுகள் சுழலும் வளையத்தில் உரசிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு தொடுப்பும் விடுப்பும் ஒரு பொறி. மெல்லிய சைகையைத் தேடிக் காதைத் தீட்டி வைத்திருக்கும் ரிசீவருக்கு இரண்டு அங்குலம் தள்ளி ஓயாமல் பொறி பறந்தால் அதற்கு வேறு எதுவும் கேட்காது.

இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே அடக்க வேண்டும். 104 என்று எழுதிய செராமிக் கெபாசிட்டர், அதாவது 0.1 மைக்ரோபாரட், ஒவ்வொரு மோட்டாரின் இரு முனைகளுக்கும் இடையே நேராகப் பற்றவையுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உலோக உடலுக்கு மேலும் ஒன்று. உடலில் ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடும். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுப் பற்றவைத்தால் பிடித்துக்கொள்ளும். கெபாசிட்டரைப் பிரெட்போர்டில் செருகிவிட்டு மோட்டாருக்கு நீளமாகக் கம்பி இழுத்தால் பயனில்லை, அந்தக் கம்பியே ஆன்டெனாவாகி இரைச்சலை வீசும். மோட்டார் கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி விடுங்கள். எல்293டியின் 8ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 470 மைக்ரோபாரட் மின்பகு கெபாசிட்டர் ஒன்று, முனை மாறாமல். ரிசீவரின் மின் கால்களுக்குப் பக்கத்திலும் ஒரு 104. இவை முடிந்ததும் ரிசீவர் பலகையை மோட்டார்களிலிருந்து முடிந்தவரை தள்ளி வண்டியின் மறுமுனைக்குக் கொண்டு போங்கள்.

பொத்தானை விட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது

எச்.டி.12டி கடைசியாகக் கிடைத்த செய்தியை மறக்காது. புதிய செய்தி வரும் வரை பழைய நிலையையே வெளியே காட்டிக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்தும்போது மட்டும் அனுப்பும்படி சுற்று அமைத்திருந்தால், விட்டதும் புதிய செய்தி எதுவும் போகாது, மோட்டார் நிற்காது. என்கோடரின் 14ஆம் காலை நிரந்தரமாகக் கிரவுண்டில் வைத்தால், பொத்தானை விட்டதும் "எதுவும் அழுத்தவில்லை" என்ற செய்தி போய்விடும். அப்போது டிகோடரின் நான்கு கால்களும் உயர்ந்து நிற்கும். எல்293டியின் இரண்டு உள்ளீடுகளும் சமமாவதால் மோட்டார் நின்றுவிடும். ரிமோட் எப்போதும் அனுப்பிக்கொண்டிருப்பதால் அதற்கு ஒரு சுவிட்ச் வையுங்கள்.

ஆனாலும் ஓடும்போது ரிமோட்டின் பேட்டரி தீர்ந்தால், அல்லது வண்டி எட்டாத தூரத்துக்குப் போய்விட்டால், கடைசிச் செய்தியைப் பிடித்துக்கொண்டு அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை நான் அனுமதிப்பதில்லை. இதற்குத் தீர்வு ஒரே கம்பி. எல்293டியின் 1ஆம், 9ஆம் கால்களை 5 வோல்ட்டிலிருந்து கழற்றி, டிகோடரின் 17ஆம் காலோடு இணையுங்கள். செய்தி வந்துகொண்டிருக்கும் வரைதான் மோட்டாருக்கு அனுமதி. வண்டியைப் பெட்டியின் மேல் வைத்து, பொத்தானை அழுத்திச் சக்கரங்களை ஓடவிட்டு, அழுத்திய விரலை எடுக்காமலே ரிமோட்டின் சுவிட்சை அணையுங்கள். வி.டி. விளக்கு அணையும்போதே மோட்டாருக்குப் போகும் மின்சாரமும் நின்று, சக்கரங்கள் மெல்ல ஓய வேண்டும். ஓய்ந்த பிறகு வண்டியைத் தரையில் இறக்குங்கள்.